மாப்பிள்ளைக்கு வாங்கிய ‘ஒமேகா’ அசலா? கடலூர், புதுச்சேரி நண்பர்கள் உதவவும்

கெடிலக்கரையான்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் இருந்து எழுதுகிறேன். வரும் ஆவணியில் என் தாய்மாமன் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு நல்ல வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் போடுகிறேன் என்று நிச்சயதார்த்தத்தன்று சபையிலேயே மாமா சொல்லிவிட்டார். பிறகு இரவெல்லாம் செல்பேசியில் தேடி, புதுச்சேரியில் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தில் ‘ஒமேகா சீமாஸ்டர்’ ஒன்றை 26,500 ரூபாய்க்குப் பிடித்திருக்கிறார். யுபிஐ மூலம் 5,000 ரூபாய் முன்பணம். மீதி 21,500 ரூபாயை நேற்றுப் பார்சல் கொண்டுவந்தவரிடம் ரொக்கமாகக் கொடுத்தாயிற்று.

நீல டயல், அதில் அலை அலையாகக் கோடுகள். மூன்று மணி இடத்தில் தேதி. பத்து மணிப் பக்கம் தனியாக ஒரு குமிழ். பின்மூடி கண்ணாடியால் ஆனது. உள்ளே அரைவட்டத் தகடு சுழல்வது தெரிகிறது. சிவப்புப் பெட்டி, உத்தரவாத அட்டை, அட்டையில் கியூஆர் குறியீடு எல்லாம் இருக்கின்றன. பில் மட்டும் இல்லை. கேட்டதற்கு, ‘யூனியன் பிரதேச வரிச்சலுகை ஸ்டாக், அதற்குப் பில் வராது’ என்றார்களாம். முதலில் பேசியபோது சுங்கத்துறை ஏலத்தில் எடுத்தது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. மாப்பிள்ளை சென்னையில் வேலை பார்ப்பவர், விவரமானவர். வாட்ச் அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லையென்றால் மாமாவிடம் எப்படிச் சொல்வது?

தேவனாம்பட்டினம் காற்று

விலையைப் படித்ததோடு நிறுத்திவிட்டேன். போலி.

முதுநகர் மெக்கானிக்

தம்பி, விலை மட்டும் சாட்சி ஆகாது. பழைய வாட்சை விவரம் தெரியாமல் அடிமாட்டு விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களே போதும்.

சீமாஸ்டர் டைவர் 300 என்ற மாடல் 1993இல் வந்தது. அந்தக் காலத்து டயலில் அலைக்கோடு இருக்கும், தேதி மூன்று மணியில் இருக்கும். ஆனால் பின்மூடி மூடிய இரும்பு; அதில் கடற்குதிரைச் சின்னம் இருக்கும். இடையில் சில ஆண்டுகள் அலைக்கோட்டையே எடுத்துவிட்டார்கள். 2018இல் திருத்தி வெளியிட்டபோது அலை திரும்பி வந்தது, பின்மூடி கண்ணாடியானது, தேதி ஆறு மணிக்கு இறங்கியது. உங்கள் மாமாவின் வாட்சில் பழைய மாடலின் முகமும் புதிய மாடலின் முதுகும் இருக்கின்றன. வழக்கமான வரிசையில் அப்படி ஒன்று கிடையாது. போலி செய்கிறவன் வாங்குபவன் கண்ணுக்கு எது பிடிக்குமோ அதையெல்லாம் ஒன்றாகப் போட்டுவிடுவான்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. செல்பேசியில் மெதுவாக ஓடும் வீடியோ எடுக்கும் வசதி இருக்கும். எட்டு மடங்கு மெதுவாக ஓடும்படி வைத்து வினாடி முள்ளைப் படம் எடுங்கள். இப்போதைய சீமாஸ்டரின் மிஷின் மணிக்கு 25,200 துடிப்பு, அதாவது வினாடிக்கு ஏழு. மலிவான சீன ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும்) மிஷின்கள் பெரும்பாலும் 21,600, வினாடிக்கு ஆறு. முள் ஒரு வினாடிக் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போவதற்குள் எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அலைக்கோட்டையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இப்போதைய அசலில் டயலே பீங்கான். அலை லேசரால் செதுக்கியது. மேடும் பள்ளமும் வெவ்வேறு விதமாக வெளிச்சம் வாங்கும். மலிவுப் போலியில் தகட்டை அச்சில் அழுத்தியிருப்பார்கள்; ஓரமெல்லாம் மொழுக்கென்று இருக்கும்.

கெடிலக்கரையான்

நன்றி ஐயா. வீடியோ எடுத்தேன். ஆறு. மூன்று முறை எண்ணினேன், ஆறுதான்.

ஆனால் மாமா ஒப்புக்கொள்ளவில்லை. அட்டையிலிருக்கும் கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்தால் ஒமேகா என்று ஒரு பக்கம் திறக்கிறது, வரிசை எண்ணும் சரியாக வருகிறது என்கிறார்.

முதுநகர் மெக்கானிக்

வரிசை எண் ஒரு சான்றே இல்லை. எங்கோ ஓர் அசல் வாட்சின் எண்ணைப் படத்தில் பார்த்து, அதையே ஆயிரம் போலிகளில் பொறித்துவிடுகிறார்கள். கியூஆர் திறக்கும் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டுச்சொல் ஏதாவது இருந்தால், அந்தப் பக்கமும் அவர்கள் செய்ததுதான்.

நேருவீதி நடைக்காரன்

எல்லோரும் ஏன் இவ்வளவு பதறுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று தெரிந்தேதான் வாங்குகிறேன். மூவாயிரம் ரூபாய். பார்ப்பதற்கு அப்படியே இருக்கிறது, மணி காட்டுகிறது. ஐந்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கினாலும் அதே மணியைத்தான் காட்டப்போகிறது. சுவிட்சர்லாந்து முதலாளிக்கு நஷ்டம் என்றால் நமக்கு என்ன? ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பாதிப் பேர் கையில் இருப்பது காப்பிதான். மாப்பிள்ளையிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்துவிடுங்கள். யார் பின்மூடியைக் கழற்றிப் பார்க்கப்போகிறார்கள்?

அரியாங்குப்பத்துக்காரி

நடைக்காரரே, நீங்கள் தெரிந்து வாங்கி உங்கள் கையில் கட்டிக்கொள்வது ஒரு கதை. அசல் என்று சொல்லி இன்னொரு வீட்டுப் பையன் கையில் கட்டிவிடுவது வேறு கதை. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள். யார் கழற்றிப் பார்ப்பார்கள் என்று கேட்கிறீர்கள். செயின் தளர்வாக இருந்தால் கண்ணி எடுக்க எங்கே போவார்? சென்னையில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போவார். போலியை அவர்கள் தொடமாட்டார்கள். நாலு பேர் முன்னால் திருப்பிக் கொடுப்பார்கள். அன்று மாலையே சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போகும். அந்தப் பெண் புகுந்த வீட்டில் கால் வைத்து மாதம்கூட ஆகியிருக்காது.

அப்புறம் அந்த ‘யூனியன் பிரதேச வரிச்சலுகை’. இதைக் கேட்டால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. எல்லை தாண்டினால் எல்லாம் விலை குறைவு என்று கடலூர்க்காரர்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மதுவின் விலையை வைத்து மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போடுகிறீர்கள். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்துவிட்டது. கைக்கடிகாரத்துக்கு நேரு வீதியிலும் 18 சதவீதம்தான், கடலூர் லாரன்ஸ் சாலையிலும் 18 சதவீதம்தான். புதுச்சேரி என்பதற்காக ஒரு பைசா குறையாது. பில் இல்லை என்றால் வரி கட்டவில்லை என்பது மட்டும் இல்லை; நாளைக்கு ‘நான் விற்கவே இல்லை’ என்று சொல்ல வழி வைத்துக்கொள்கிறார்கள்.

நடைக்காரரே, உங்கள் மூவாயிரம் ரூபாய் வாட்சை இந்த ஊர் வியர்வையில் ஒரு கோடை முழுக்கக் கட்டியிருக்கிறீர்களா? என் தம்பிக்கு அப்படி ஒன்றால் மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து தடித்துத் தோல் உரிந்தது. மேல்பூச்சு போனதும் அடியில் இருக்கும் நிக்கல் தோலில் படுகிறது, அதனால் வரும் ஒவ்வாமை என்றார் தோல் மருத்துவர். களிம்புக்கும் மருத்துவருக்கும் கொடுத்ததைக் கூட்டினால் அந்த வாட்சின் விலை எங்கேயோ போய்விட்டது.

நேருவீதி நடைக்காரன்

எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை அக்கா. ஆனால் மாப்பிள்ளை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பம் கறுப்புக்கோட்டு

பேச்சு எங்கெங்கோ போகிறது, நேரம் போய்க்கொண்டிருக்கிறது. கெடிலக்கரையாரே, முதலில் செய்ய வேண்டியது இது. இந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். இணையவழிக் குற்றங்களுக்கான தேசிய எண் அது. யுபிஐ பரிமாற்ற எண், பணம் போன கணக்கின் பெயர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு உண்டு. அடுத்தது பார்சல் நிறுவனம். வீட்டு வாசலில் வாங்கிய ரொக்கத்தை அவர்கள் பெரும்பாலும் அன்றே விற்பவருக்கு அனுப்பிவிடுவதில்லை, சில நாள் பிடித்து வைத்திருப்பார்கள். பார்சல் எண்ணைக் குறிப்பிட்டு, போலிப் பொருள், புகார் கொடுத்திருக்கிறேன், தொகையை நிறுத்தி வையுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். தொலைபேசியில் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.

சுங்க ஏலக் கதைக்கும் ஒரு வார்த்தை. இறக்குமதியாகும் போலிகளைச் சுங்கத்துறை பிடிப்பதற்கென்று 2007இல் விதிகள் வந்தன. அப்படிப் பிடித்த போலிகளை அழிக்க வேண்டும், அல்லது வர்த்தகத்துக்கு வராத வழியில் அப்புறப்படுத்த வேண்டும். அதற்கும் பிராண்டின் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அசல் பொருள் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தால் அதற்கு ஏல ஆவணம் இருக்கும். ‘சுங்கத்தில் எடுத்தது, ஆனால் ஒரு காகிதமும் இல்லை’ என்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

பணம் திரும்பாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பவர் எங்கே இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் மாமா கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து வையுங்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். எதிராளியின் பெயரும் முகவரியும் தெரியாமல் யார் மேல் வழக்குப் போடுவது? 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் விற்பவரின் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போடச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தில் அப்படி எதுவும் இருந்திருக்காது. நான் பார்த்த இத்தகைய வழக்குகளில் தோற்றவை பெரும்பாலும் இதனால்தான் தோற்றன. வாட்ச் போலி என்று நிரூபிப்பது சுலபம். விற்றவர் யார் என்று நிரூபிப்பதில்தான் எல்லாம் நின்றுபோகிறது.

நடைக்காரருக்கும் ஒன்று. காப்பி என்று தெரிந்தே வாங்கியவர், பிறகு ‘இது காப்பி, ஏமாந்துவிட்டேன்’ என்று ஆணையத்துக்கு வர முடியாது. முதல் கேள்வியிலேயே மூக்கு உடைபடும்.

மட்டுறுத்துநர்

அந்தப் பக்கத்தின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ இங்கே பதிய வேண்டாம். காவல்துறைப் புகாரில் எழுதுங்கள்.

சொல்தா பேரன்

புதுச்சேரியில் இருந்து எழுதுகிறேன். பில் இருந்தால் போதும், பெரிய இடம் என்றால் போதும் என்ற தொனி இங்கே வருவதால் ஒரு செய்தி. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஓர் ஏலத்தில் 1957ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று முப்பது லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. 2023இல் அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து ஒட்டியது என்று ஒமேகா நிறுவனமே சொன்னது. தங்கள் முன்னாள் ஊழியர்களுக்கே அதில் தொடர்பு இருந்ததாகவும் சொன்னது. ஜெனீவாவிலேயே அப்படி என்றால் நாம் எந்த மூலை?

எனக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் விட்டுப்போன லிப் வாட்ச் ஒன்று வீட்டில் இருக்கிறது. பிரான்சில் பெசான்சோனில் 1867இல் தொடங்கிய பழைய நிறுவனம். 1973இல் தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றித் தாங்களே வாட்ச் செய்து விற்றார்களே, அதே லிப். டயல் மங்கிவிட்டது. இணையத்தில் ‘அசல் லிப் டயல், புதியது’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

முதுநகர் மெக்கானிக்

ஏலக் கதை வேறு, இது வேறு ஐயா. அங்கே ஏமாற்றியவர்களுக்கு நிறுவனத்துக்குள்ளேயே ஆள் இருந்தது. இந்த 26,500 ரூபாய் வாட்சைப் பிடிக்க ஜெனீவா நிபுணர் வேண்டாம், என் கடைப் பையன் போதும்.

லிப் டயலை மாற்றாதீர்கள். மங்கலாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். இணையத்தில் ‘புதியது’ என்று வரும் பழைய டயல்களில் பெரும்பாலானவை மறுபூச்சு. பழைய டயலைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து மேலே பெயரை அச்சடிக்கிறார்கள். நம் நாட்டில் இதில் அதிகம் சிக்கியவை ஹெச்எம்டியின் ஜனதா மாடலும், ஃபாவ்ர் லூபா என்ற சுவிஸ் வாட்சும். ஹெச்எம்டி 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனக் கூட்டில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016 ஜனவரியில் வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தச் செய்தி வந்ததும் வாங்க ஆள் அதிகமானார்கள். உடனே ஆலை ஒருபோதும் செய்யாத நிறத்திலெல்லாம் ஜனதா வர ஆரம்பித்தது. கிளிப்பச்சை, ஆரஞ்சு, என்னென்னவோ. உள்ளே மிஷின் அசல்தான், முகம் மட்டும் புனைவு. லென்ஸ் வைத்தால் எழுத்தின் ஓரம் ஊறிப்போய் இருக்கும், நிமிடக் கோடுகள் நேராக நிற்காது. சாவி முனையில் பிராண்டுச் சின்னம் இருக்காது.

உங்கள் தாத்தா வாட்சின் பின்மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். ஊசியால் கீறிய சின்னச் சின்ன எழுத்தும் எண்ணும் இருக்கும். பழுது பார்த்தவர்கள் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் அப்படிக் கீறி வைப்பது வழக்கம். என் அப்பாவின் கீறல் உள்ள வாட்சுகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. பழைய வாட்ச் என்று இணையத்தில் வாங்குகிறவர்கள் டயல் படத்துக்கு முன்னால் இந்த உட்புறப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

சொல்தா பேரன்

திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நான்கு கீறல்கள். ஒன்றில் 1962 என்று தெளிவாக இருக்கிறது. டயலை மாற்றப்போவதில்லை.

கெடிலக்கரையான்

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

1930இல் அன்றே புகார் பதிந்தேன். முன்பணம் 5,000 போன கணக்கில் இப்போது ஒன்றும் இல்லையாம், அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். பார்சல் நிறுவனத்துக்குப் புகார் எண்ணோடு கடிதம் கொடுத்தேன். ரொக்கம் இன்னும் அனுப்பப்படவில்லை, விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. கறுப்புக்கோட்டு ஐயாவுக்குக் கோடி நன்றி.

மாமாவை முதுநகர் ஐயாவின் கடைக்கு அழைத்துப் போனேன். அவர் ஒரு வார்த்தைகூட ‘போலி’ என்று சொல்லவில்லை. பின்மூடியைத் திருகித் திறந்து, லென்ஸை மாமா கையில் கொடுத்து, நீங்களே பாருங்கள் என்றார். கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்து மயங்கிய வேலைப்பாடெல்லாம் மிஷின் மேல் ஒட்டிய மெல்லிய தகடு. சுற்றிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் ஒன்று. மிஷின் சிறியது, கூடு பெரியது, ஆடாமல் இருக்க அடைத்திருக்கிறார்கள். மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வாசர் பாதிதான் இருந்தது. பத்து மணிப் பக்கத்துக் குமிழ் அசலில் ஆழ்கடலில் தங்கி வேலை செய்பவர்களுக்காக ஹீலியம் வாயு வெளியேற வைத்ததாம். இதில் அதைத் திருகியதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே வெறும் ஓட்டை. 300 மீட்டர் என்று டயலில் எழுதியிருக்கிறது.

மாமா லென்ஸை வைத்துவிட்டு, ‘மிஷின் என்ன விலை இருக்கும்?’ என்று கேட்டார். ‘ஆயிரத்துச் சொச்சம்’ என்றார் ஐயா. அதன்பின் வீடு வரும்வரை மாமா எதுவும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போதுதான் வாய் திறந்தார்: ‘நல்லவேளை, சபையில் எந்த கம்பெனி என்று நான் சொல்லவில்லை.’

நேருவீதி நடைக்காரன்

பாதி உண்மையையாவது காப்பாற்றிவிட்டார். பார்சல் பணம் வராவிட்டால், இதைக் காப்பி என்று சொல்லியே இணையத்தில் ஏழு, எட்டாயிரத்துக்குத் தள்ளிவிடலாமே? போட்டதில் கொஞ்சமாவது தேறும்.

மஞ்சக்குப்பம் கறுப்புக்கோட்டு

செய்யவே செய்யாதீர்கள். இதுவரை உங்கள் மாமா பாதிக்கப்பட்டவர். விளம்பரம் போட்ட நிமிடத்தில் குற்றவாளி. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 104ஆம் பிரிவு போலிச் சின்னமிட்ட பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. காப்பி என்று சொல்லி விற்றாலும் சின்னம் சின்னம்தான். அதோடு, அந்த வாட்ச் இப்போது புகாரின் சான்று. பெட்டியையும் பார்சல் உறையையும் சேர்த்துப் பூட்டி வையுங்கள்.

கெடிலக்கரையான்

பூட்டி வைத்தாயிற்று. கடைசியாக ஒரு கேள்வி. மாமா இப்போது கையில் இருக்கும் பணத்தில், முப்பதாயிரத்துக்குள், பில்லோடு ஏதாவது வாங்கலாம் என்கிறார். வெளிநாடுதான் வேண்டும் என்ற பிடிவாதம் போய்விட்டது. என்ன வாங்கலாம்?

அரியாங்குப்பத்துக்காரி

எந்தக் கடையானாலும், கடைக்காரர் மாட்டியிருக்கும் பலகையை நம்பாமல், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போய் அங்கீகாரம் பெற்ற கடைகளின் பட்டியலில் அந்தக் கடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் போங்கள்.

முதுநகர் மெக்கானிக்

முப்பதாயிரத்தில் ராஜாவாட்டம் வாங்கலாம். டைட்டனில் ஆட்டோமேட்டிக் வகைகள் இருக்கின்றன. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் நிறுவனம், தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் டாடாவும் சேர்ந்து தொடங்கியது, நம் மாநில அரசுக்கும் அதில் பங்கு உண்டு என்று சம்பந்தியிடம் பெருமையாகவே சொல்லலாம். ஜப்பான்தான் என்றால் சீகோ, சிட்டிசன் இரண்டும் இந்த விலைக்குள் கிடைக்கும். பாகங்களும் கிடைக்கும், என்னைப் போன்றவன் கையிலும் பழுது பார்க்க வரும். பத்து ஆண்டு கழித்து நின்றுபோனால் ஓட வைக்க ஆள் இருக்க வேண்டும் இல்லையா?

வாங்கும்போது பில்லில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் அங்கேயே போட்டு வாங்குங்கள். செயினில் கண்ணி எடுத்தால் அவற்றைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பெட்டிக்குள் போட்டு வையுங்கள். தலை தீபாவளி முடிந்ததும் மாப்பிள்ளைக்குத் தேவைப்படும்.